கள்ளின் களிப்பும் உள்ளத்தின் உணர்வும்



இன்றைய பேச்சை வெற்றிலைத் தட்டிலிருந்து தொடங்குகிறேன். வெற்றிலை பச்சை நிறம். சுண்ணாம்பு வெள்ளை. பாக்கு பழுப்பு. மூன்றையும் சேர்த்து மென்றால் வாய் சிவக்கிறது. இந்தச் சிவப்பு எங்கேயிருந்து வந்தது? வெற்றிலையில் சிவப்பு இல்லை, சுண்ணாம்பில் இல்லை, பாக்கைத் தனியாக மென்று பாருங்கள், அந்தச் சிவப்பு வராது. தனித்தனியே எதிலும் இல்லாத ஒன்று, சேர்ந்தவுடன் பிறந்துவிட்டது. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருளைச் சுண்ணாம்பின் காரம் மாற்றுவதால் இந்த நிறம் வருகிறது என்று இன்றைய இரசாயனம் சொல்கிறது.

நம் பாட்டிமார் நாள்தோறும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த இந்தச் சிவப்பை, முன்னாளில் சில அறிஞர்கள் ஒரு பெரிய வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றில் தனித்தனியே அறிவு இல்லை. ஆனால் அவை உடம்பாகச் சேரும்போது அறிவு பிறக்கிறது, வெற்றிலை பாக்கில் சிவப்பு பிறப்பதைப்போல, என்பது அவர்கள் வாதம். சர்வசித்தாந்த சங்கிரகம் என்னும் வடமொழி நூல் இந்த உவமையை உலகாயதருடைய கூற்றாகக் குறித்து வைத்திருக்கிறது. உலகாயதர் என்பவர்கள் இந்த உலகமே மெய், உடம்புக்கு அப்பால் உயிர் என்று ஒன்று இல்லை என்று சொன்ன கூட்டத்தார்.

இந்தச் செய்தியை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு நாங்கள் லயத்தை விட்டு வெளியே வந்தோம். அதன்பின் ஒருநாள் விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இல்லை, ஒரே ஒரு சொல் மட்டும் நின்றது. அந்தச் சொல் "வாளி". தண்ணீர் வேண்டுமென்றாலும் வாளி. என்னைக் கூப்பிட்டாலும் வாளி. கோபம் வந்தாலும் வாளிதான். வாழ்நாளெல்லாம் காண்டாவில் தொங்கவிட்டுச் சுமந்த பொருள், கடைசியில் நாவில் தங்கிவிட்டது.

ஒருநாள் இரவு என் தாயார் என்னை அடுப்படிக்கு அழைத்துக் கேட்டார். "ஏன் தம்பி, மக்தாப்புல படிச்ச பிள்ளைதானே நீ. சொல்லு. அப்பா உள்ளாரதான் இருக்காரா, இல்ல அன்னிக்கே போயிட்டாரா?"

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கணிதம் கற்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு விடை சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு தேடிப் படித்தேன். படித்தவற்றில் சிலவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தமிழில் இந்த வாதம் விளக்கமாகக் கிடைக்கும் பழைய இடம் மணிமேகலை. அதன் ஆசிரியர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலவாணிகன் என்றால் தானியக் கடைக்காரர். அரிசியும் பருப்பும் அளந்த ஒருவர் இவ்வளவு நுட்பமான சமய வாதங்களை எழுதி வைத்திருக்கிறார் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கே பெருமையாக இருக்கும். நூல் கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஏட்டுச் சுவடிகளிலிருந்து அதைத் தேடி ஒப்பிட்டு 1898-இல் அச்சிட்டுத் தந்தவர் உ. வே. சாமிநாத ஐயர்.

அந்நூலின் 27-ஆம் காதையில் மணிமேகலை மாதவ வடிவம் பூண்டு வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் சென்று, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன் என்று வரிசையாகப் பேசுகிறார்கள். கடைசியில் வருபவன் பூதவாதி. ஐம்பூதங்களே எல்லாம் என்று சொல்பவன்.

அவன் சொல்லும் உவமை வெற்றிலை பாக்கு அன்று. அவன் எடுத்துக்கொள்வது கள். தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் மற்றவையும் சேர்த்து வைத்தால் எப்படி மயக்கும் களிப்பு பிறக்கிறதோ, அப்படியே பூதங்கள் கூடுவதால் உணர்வு பிறக்கிறது என்கிறான். பூவைத் தின்றால் யாரும் தள்ளாடுவதில்லை. வெல்லத்தைத் தின்றாலும் இல்லை. சேர்த்து ஊறவைத்தால் ஆள் தள்ளாடுகிறான். அடித்த பறையின் ஓசை தேய்ந்து மறைவதைப்போல, பூதங்கள் பிரியும்போது உணர்வும் மறைந்துவிடும் என்பதும் அவன் வாக்கு. கண்ணால் கண்டதே சான்று; ஊகித்து அறிவதை ஏற்கமாட்டேன். இந்தப் பிறப்பும் இதன் பயனும்தான் உண்டு. மறுமை என்பது பொய். இவ்வளவுதான் அவன் சமயம்.

நேயர்களே, நான் இந்தப் பகுதியை முதன்முதலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் தோட்டத்துக் கள்ளுக்கடைதான். நம்முடைய பெரியவர்களில் இதை அறியாதவர் யார்? காலையில் பாளையிலிருந்து இறக்கும்போது இனிப்பு. பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே நிற்கும், குழந்தைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு இல்லையென்றால் பொழுது ஏற ஏற நுரைக்கும், புளிக்கும். மாலையில் அதைக் குடித்தவன் வீட்டுக்கு வரும்போது வேறு ஆளாக வருகிறான். பொருள் ஒன்று வயிற்றுக்குள் போனது, மாறியது மனம். பூதவாதி தன் உவமையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பொருளுக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்பவர் கள்ளுக்கடை வாசலில் ஒரு மாலை நின்று பார்க்கட்டும்.

(அந்தக் கடைகளால் நம் குடும்பங்கள் பட்ட பாடு வேறு கதை. 1941-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள்.)

மணிமேகலை பூதவாதிக்கு என்ன பதில் சொன்னாள்? மற்றவர்கள் பேசியபோது அவள் மறுத்துப் பேசவில்லை. இவனிடம் மட்டும் சிரித்துக்கொண்டே, முற்பிறப்பை அறிந்தவர்கள் உண்டல்லவா என்றாள். அவளுக்குத் தன் முற்பிறப்பு தெரியும் என்பது காப்பியக் கதை. தெய்வம் ஏறி மயங்குகிறவர்களும் கனாக் காண்கிறவர்களும் அப்படித்தான் பேசுவார்கள், அதை நம்ப முடியாது என்று அவன் ஒதுக்கிவிட்டான். உடனே அவள் கேட்ட கேள்வி கூர்மையானது. கண்ணால் கண்டதைத் தவிர வேறு சான்று இல்லை என்கிறாயே, உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய்? நீ பிறந்ததை நீ பார்த்தாயா? ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

நல்ல அடிதான். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். இந்தக் கேள்வி பூதவாதியின் சான்று முறையைத்தான் உடைக்கிறது; அவனுடைய கள் உவமையை இது தொடவே இல்லை. கண்டது மட்டுமே சான்று என்ற பிடிவாதத்தை அவன் விட்டுவிட்டால், கள்ளின் களிப்பைப் போலத்தான் உணர்வு என்று மறுபடியும் எழுந்து நிற்க முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மணிமேகலை பௌத்த நூல். பௌத்தம் நிலையான ஆன்மாவை ஒப்புக்கொள்வதில்லை. அதற்காக, உணர்வு வெறும் மண்ணும் நீரும் கூடிப் பிறந்தது என்பதையும் அது ஏற்பதில்லை. பேதைமையிலிருந்து செய்கை, செய்கையிலிருந்து உணர்வு என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு கண்ணிச் சங்கிலியை அந்நூலின் கடைசிக் காதை விரித்துரைக்கிறது. ஆகவே நம் முன்னோர்களிடையே இது இரு கட்சிச் சண்டையாக இருக்கவில்லை. குறைந்தது மூன்று கட்சி.

வடக்கே பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் ஒன்றான தீக நிகாயத்தில் இதைவிட விறுவிறுப்பான கதை ஒன்று உண்டு. பாயாசி என்ற தலைவன், உயிர் இருக்கிறதா என்று சோதனை செய்தே பார்க்க முனைந்தானாம். திருடன் ஒருவனை உயிரோடு ஒரு தாழிக்குள் இட்டு, வாயைத் தோலாலும் களிமண்ணாலும் அடைத்து, அடுப்பின்மேல் ஏற்றிவிட்டு, அவன் இறந்தபின் மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகிறதா என்று பார்த்தானாம். ஒன்றும் வெளியேறவில்லை. இன்னொருவனை உயிரோடு நிறுத்துப் பார்த்து, கொன்றபின் மீண்டும் நிறுத்துப் பார்த்தானாம். பிணம்தான் கனமாக இருந்ததாம். கொடுமையான சோதனைதான், ஆனாலும் சோதனை செய்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது பாருங்கள்.

அவனுக்குக் குமார கஸ்ஸபர் என்ற துறவி விடையளித்தார். நீ பகலில் படுத்து உறங்கிச் சோலைகளைக் கனவில் கண்டபோது, உன் உயிர் போவதையும் வருவதையும் பக்கத்திலிருந்த பணிப்பெண்கள் பார்த்தார்களா என்று கேட்டார். எடைக்கு அவர் சொன்ன விடை, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு குளிர்ந்த குண்டைவிட இலேசானது, அதுபோல உயிருள்ள உடல் இலேசு என்பது. இது தவறு. இரும்பைக் காய்ச்சினால் எடை குறையாது. கேள்வி கேட்டவர், விடை சொன்னவர் இருவருமே தராசை ஒருமுறை சரியாகப் பார்த்திருக்கலாம்.

அதற்காக நாம் சிரிக்கவேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெக்டூகல் என்ற மருத்துவர் இறக்கும் தறுவாயிலிருந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு நிறுத்துப் பார்த்தார். உயிரின் எடை 21 கிராம் என்று இன்றும் சிலர் சொல்வது அந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான். ஆறு பேரில் ஒருவருக்கு ஒரு கணக்கு, இன்னொருவருக்கு வேறு கணக்கு என்று வந்தது. அறிவியலார் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மீண்டும் தமிழகத்துக்கு வருவோம். 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் சிவஞான போதம் என்னும் நூலைப் பன்னிரண்டே சூத்திரங்களில் செய்தார். அதில் மூன்றாவது சூத்திரம் முழுவதும் இதே கேள்விக்குத்தான். உடம்பு வேறு, உயிர் வேறு என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும். இது நான் இல்லை, இது நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், தள்ளுகிற ஒருவன் மிஞ்சுகிறான். என் உடம்பு, என் கை என்கிறோம். உடையவன் ஒருவன் இருந்தால்தானே 'என்' என்ற சொல் வரும். கண் பார்க்கும், கேட்காது. காது கேட்கும், பார்க்காது. ஐந்தையும் சேர்த்து அறிகிறவன் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க முடியாது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. ஆனால் உண்பதும் இல்லை, தொழிலும் இல்லை. உடம்பே அறிவு என்றால், உடம்பு அங்கேதானே கிடக்கிறது, அறிவு எங்கே போயிற்று?

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும்போது, வரிசையில் முதலாவதாக உலகாயதனைத்தான் நிறுத்தினார். சமணர்களும் விடவில்லை. நீலகேசியின் கடைசிச் சருக்கம் பூதவாதத்தோடு நடக்கும் வாதம். தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொண்ட பௌத்தரும் சமணரும் சைவரும் இந்த ஒருவனை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். அவனுடைய சொந்த நூல் ஒன்றுகூடத் தமிழில் நமக்குக் கிட்டவில்லை. அவனை மறுத்தவர்கள் எழுதி வைத்ததிலிருந்துதான் அவனை அறிகிறோம். நியாயமான வழக்கு விசாரணை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் எதிரியின் வாதத்தை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துவிட்டு மறுத்தார்களே, அந்த நேர்மைக்காக அவர்களை வணங்கத்தான் வேண்டும்.

'என் கை' என்ற வாதத்தை நான் ஒருமுறை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, என் உயிர்னும் சொல்றோமே. அப்போ அந்த 'என்' யாருங்கய்யா?" என்று கேட்டாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

இனி மேல்நாட்டுக்குப் போவோம். பூதவாதியின் கள் அங்கே 19-ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத விதத்தில் மறுபடியும் வழக்குக்கு வந்தது. சர்க்கரை எப்படிச் சாராயமாகிறது? அது வெறும் இரசாயன மாற்றம் என்றார்கள் ஒரு சாரார். பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் 1857 முதல் செய்த ஆராய்ச்சிகளில், நொதிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். ஈஸ்ட் என்னும் அந்தச் சிற்றுயிர் சர்க்கரையைத் தின்று சாராயத்தை விடுகிறது. பானையில் தடவிய சுண்ணாம்பு அதன் வேலையைத் தடுப்பதால்தான் பதநீர் பதநீராகவே நிற்கிறது. தாதகிப் பூ என்பது காட்டாத்திப் பூ. ஆயுர்வேத வைத்தியர்கள் இன்றும் அரிட்டங்களை நொதிக்க வைக்க அதைப் போடுகிறார்கள். அந்தப் பூவிலேயே ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பூதவாதி தோற்றான் என்றுதானே ஆகிறது? உயிரில்லாத பூவும் வெல்லமும் சேர்ந்து களிப்பு பிறந்ததாக அவன் நினைத்தான். உண்மையில் அதற்குள் ஓர் உயிர் ஒளிந்திருந்து வேலை செய்திருக்கிறது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1897-இல் எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு அரைத்து, பிழிந்து, உயிருள்ள அணு ஒன்றும் இல்லாத சாற்றை எடுத்தார். அதில் சர்க்கரையைப் போட்டார். அது நொதித்தது! உயிர் போனபின்பும் வேலை நடந்தது. நொதி என்னும் பொருள்தான் அதைச் செய்கிறது. இதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பூதவாதி மறுபடியும் எழுந்துகொண்டான்.

உயிர் என்ற ஒன்றைப் பொருளின் வேலையாக விளக்கிவிட முடியும் என்ற நம்பிக்கை அறிவியலாரிடம் இப்படித்தான் படிப்படியாக வளர்ந்தது. ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புக்னரின் சாறு சர்க்கரையைச் சாராயமாக்கியது. அது போதை கொள்ளவில்லை. உயிரின் தொழிலை விளக்குவது ஒன்று, உணர்வை விளக்குவது வேறொன்று.

அந்த 19-ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் 1878 முதல் இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தார், 1882 முதல் 1888 வரை தத்துவ விவேசினி என்ற தமிழ் இதழை நடத்தி, கடவுள், ஆன்மா, மறுபிறப்பு எல்லாவற்றையும் விவாதத்துக்கு இழுத்தார்கள். பிறகு சிங்காரவேலர் வந்தார். 1860-இல் பிறந்து 1946-இல் மறைந்தவர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் என்று நம் தொழிற்சங்கத்தாருக்கு அவரைத் தெரியும். குடி அரசு ஏட்டிலும் 1935-இல் தாமே தொடங்கிய புது உலகம் என்ற ஏட்டிலும் அவர் பொருள்முதல் வாதத்தையும் அறிவியலையும் எளிய தமிழில் எழுதினார். உலகாயதனுடைய குரல் தமிழில் சொந்த வாயால் ஒலித்தது என்று சொன்னால் இவர்கள் காலத்தில்தான்.

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலேறி மலாயா வந்தார். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வரை கூட்டங்கள் நடந்தன. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது, 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வெளிவந்தது. இவற்றின் வழியே ஆன்மா உண்டா என்ற கேள்வி நம் லயத்து வாசல்களுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே லயத்தில் ஒரு வீட்டில் மாரியம்மன் படமும் அடுத்த வீட்டில் பெரியார் படமும் மாட்டியிருந்த காலத்தை முதியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கூட்டமாகப் பத்திரிகையை உரக்கப் படித்து, விடியப் போகும் பெரட்டை மறந்து வாதாடுவார்களாம்.

இப்போது என் தகப்பனார் கதைக்கு வருகிறேன். 1861-இல் பாரிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் லெபோர்ஞ் என்ற 51 வயதுக்காரர் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குப் பேச்சில்லை. "டான்" என்ற ஓர் ஓசை மட்டும் வரும். எதைக் கேட்டாலும் "டான், டான்". ஆனால் பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. பால் புரோகா என்ற மருத்துவர் அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தபோது, இடப்பக்க முன்பகுதியில் ஓரிடம் கெட்டுப்போயிருப்பதைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்பது அன்று உறுதிப்பட்டது. புரோகாவின் பெயராலேயே அந்த இடத்தை இன்றும் அழைக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாரிஸ் மனிதருக்கு டான். குளுவாங் மனிதருக்கு வாளி.

மருத்துவர் எனக்குப் படத்தில் காட்டிய இடமும் அதே இடப்பக்கம்தான்.

இதை வைத்து இரு கட்சியாரும் வாதாடலாம். சைவ சித்தாந்தம் படித்த என் நண்பர் ஒருவர் சொன்னார்: "வீணையின் நரம்பு அறுந்தது. வாசிப்பவன் அப்படியே இருக்கிறான். கருவி கெட்டது, கர்த்தா கெடவில்லை." என் தகப்பனாரைப் பார்த்தவர்களுக்கு இது உண்மையாகவே படும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் உருமி அடித்து, எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது, ஒரு சொல்லும் பேச வராத அவர் பாட்டை முழுதாகப் பாடினார். சொல் பிசகவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் அம்மன் அருள் என்று குலவையிட்டார்கள். பேச்சிழந்த பலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வருவதுண்டு என்றும், பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் துணை செய்கிறது என்றும் பிறகு படித்தேன். பாட்டு முடிந்தது, மறுபடியும் "வாளி".

ஆனால் வீணை உவமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் ஃபினியாஸ் கேஜ் என்ற தலைமைத் தொழிலாளியின் கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்து வெளியேறியது. மனிதர் பிழைத்துக்கொண்டார். பேச்சு இருந்தது, நடை இருந்தது. ஆனால் குணம் மாறிப்போயிற்று; அவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்களே சொன்னதாக அவருடைய மருத்துவர் எழுதினார். நரம்பு அறுந்தால் வீணை ஒலிக்காமல் போகலாம். வாசிப்பவனுடைய குணம் ஏன் மாறவேண்டும்? பேச்சு, நினைவு, அன்பு, கோபம் எல்லாமே கருவி என்று சொல்லிக்கொண்டே போனால், கர்த்தா என்று மிஞ்சுவது என்ன? என் நண்பரிடம் இதைக் கேட்டேன். அறிவித்தால் அறிவது என்று மெய்கண்டார் சொன்ன அந்த அறிவு மட்டுமே மிஞ்சும் என்றார். நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

நம்மவர் ஒருவரும் இந்தத் துறையில் பெரும்பெயர் பெற்றிருக்கிறார். வி. எஸ். இராமச்சந்திரன், 1951-இல் தமிழகத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். இயந்திரத்தில் கை இழந்தவர்கள் சிலர், இல்லாத அந்தக் கை வலிக்கிறது என்பார்கள். அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கையை அசைத்தபோது சிலருக்கு அந்த வலி தணிந்தது. ஐந்து வெள்ளிக் கண்ணாடி! இல்லாத கை வலிக்கிறது என்றால் வலி கையில் இல்லை. மூளை தன் கணக்கில் வைத்திருக்கும் கையில் இருக்கிறது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டால் கை அசையும். இன்னோரிடத்தில் தொட்டால் பழைய பாட்டு கேட்கும். கையை அசைத்தது யார் என்று கேட்டால், நான் அசைக்கவில்லை, நீங்கள்தான் அசைத்தீர்கள் என்பார்கள் நோயாளிகள். வாழ்நாளெல்லாம் மூளையையே தொட்டுப் பார்த்தவர், 1975-இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட நூலில், மனத்தை மூளையைக்கொண்டு மட்டும் விளக்க இயலவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய மாணவர் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்றைய நிலை என்ன என்று கேட்பீர்கள். மூளை கெட்டால் மனம் கெடுகிறது, அதில் ஐயமில்லை. மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தால் நான் என்ற நினைவே அணைந்துபோகிறது; தெளிந்தால் திரும்புகிறது. இதெல்லாம் பூதவாதி பக்கம். ஆனால் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின்சாரம் பரிமாறிக்கொள்வது எப்படி வலியாக, வெற்றிலையின் காரமாக, தாயின் குரலாக உள்ளிருந்து உணரப்படுகிறது? வெற்றிலைச் சிவப்பை வெளியிலிருந்து எல்லோரும் பார்க்கலாம். என் வலியை நான் மட்டுமே அறிவேன். அந்த உவமை இந்த இடத்தில் நொண்டுகிறது. மேல்நாட்டார் இதைக் கடினமான கேள்வி என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அப்படிப் பெயரிட்டவர் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர்.

அவரும் கிறிஸ்டாஃப் கோச் என்ற மூளை ஆராய்ச்சியாளரும் 1998-இல் ஜெர்மனியில் ஒரு பந்தயம் கட்டினார்கள். இன்னும் 25 ஆண்டுக்குள், உணர்வுக்குக் காரணமான மூளைச் செயலை ஐயமறக் கண்டுபிடித்துவிடுவோம் என்றார் கோச். முடியாது என்றார் சால்மர்ஸ். 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில் அறிவியலார் கூடிய கூட்டத்தில் கணக்குப் பார்த்தார்கள். கோச் தோல்வியை ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளைக் கொடுத்தார். அந்தப் பந்தயப் பொருள் என்ன தெரியுமா? ஒரு பெட்டி நிறையத் திராட்சை மது. சாத்தனார் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கோச் அத்தோடு விடவில்லை. இன்னும் 25 ஆண்டு, அதே பந்தயம் என்று கையை நீட்டினார். சால்மர்ஸும் கை கொடுத்தார். அந்தக் கணக்கு 2048-இல் முடியும். இப்போது என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும்.

என் தாயாருக்கு நான் அன்றிரவு அடுப்படியில் என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "இருக்காரும்மா, நாம பேசறது அவருக்குப் புரியுது" என்றேன். டான் என்ற மனிதரைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. என் தகப்பனார் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். தாயார் அதன்பிறகு மூன்று ஆண்டுகள், அவர் கண் மூடும்வரை, தினமும் மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே அன்றைய ஊர்க்கதை முழுவதையும் சொல்லுவார். மண்டோர் மகள் கல்யாணம், மீன் விலை, யார் வீட்டில் சண்டை எல்லாம். அவர் அங்கங்கே "வாளி" என்பார். எங்கே சிரிப்பாகச் சொன்னார், எங்கே கோபமாகச் சொன்னார் என்று தாயாருக்குத் தெரியும். சிலசமயம் அந்த ஒரு சொல்லுக்கே பதில் சொல்லிச் சண்டையும் பிடிப்பார்.